வட சென்னைக்கு உழவர் சந்தை ஏன் எட்டவில்லை?

தண்டையார்பேட்டையில் நின்று உழவர் சந்தை எங்கே என்று கேட்டால் கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு வழி சொல்வார்கள், இல்லையென்றால் கோயம்பேட்டுக்கு எந்த பஸ் ஏறுவது என்று சொல்வார்கள். இரண்டுமே உழவர் சந்தை இல்லை. கல்மண்டபத்தில் கடை போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் வாங்கி விற்பவர்கள். கோயம்பேடு மொத்த வியாபாரம். விளைவித்தவரே எடை போட்டுக் கொடுக்கும் சந்தை வேண்டுமென்றால் மூலக்கடையைத் தாண்டி, ஜி.என்.டி. சாலையில் வடக்கே பத்து கிலோமீட்டர் போல் போய், செங்குன்றத்தை ஒட்டிய நாரவாரிக்குப்பத்தில் இறங்க வேண்டும். மேற்குப் பக்கம் என்றால் அம்பத்தூர்.

இதில் வருத்தப்பட ஒரு காரணம் இருக்கிறது. சென்னையின் மற்ற பகுதிகளைவிட வயலும் தோட்டமும் பக்கத்தில் இருப்பது வட சென்னைக்குத்தான். புழல் ஏரியைத் தாண்டினால் சோழவரம், எண்ணூரைத் தாண்டினால் மீஞ்சூர், அதற்கு அப்புறம் பொன்னேரி. கத்தரி, வெண்டை, கொத்தவரங்காய், புடலை, பீர்க்கன், கீரை வகைகள் எல்லாம் அந்தப் பக்கம் விளைகின்றன. அன்றாடக் கூலியில் அன்றாடம் காய் வாங்கும் குடும்பங்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான். விளைகிற இடமும் வாங்குகிற இடமும் இவ்வளவு அருகில் இருந்தும் நடுவில் ஏன் இத்தனை கை மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் உழவர் சந்தை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது முதல்வர் மு. கருணாநிதி. பஞ்சாபில் 1987 முதல் நடந்த அப்னி மண்டி, அதே 1999-ன் தொடக்கத்தில் ஆந்திராவில் வந்த ரைத்து பஜார் இரண்டும் இதற்கு முன்னோடிகள். 2001-ல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்தது, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றது. இன்று மாநிலம் முழுக்க 180-க்கும் மேல் சந்தைகள் உள்ளன. ஏற்பாடு எளிமையானது. நிலம் வைத்திருக்கும் விவசாயிக்குப் புகைப்படத்தோடு அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது, தராசு சந்தையிலேயே தருவார்கள். வியாபாரிக்கு உள்ளே இடமில்லை. அன்றைய விலையை அதிகாலையில் அதிகாரிகள் முடிவு செய்து வாசலில் பலகையில் எழுதுவார்கள், அதற்கு மேல் விற்கக் கூடாது.

அந்த விலையை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. பக்கத்து மொத்தச் சந்தையின் விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே சில்லறைக் கடையில் விற்கும் விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டி. விவசாயிக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம், நடுவில் இருப்பவரின் பங்கை இரண்டு பேரும் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குக்காக, கத்தரிக்காய் மொத்த விலை கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபதோடு 20 சதவீதம் சேர்த்தால் 24. முப்பதில் 15 சதவீதம் கழித்தால் 25 ரூபாய் 50 காசு. பலகையில் 25 என்று எழுதலாம், இரண்டு பக்கமும் சரி. இப்போது தெருக்கடை விலை 30 இல்லை, 26தான் என்று வையுங்கள். பதினைந்து சதவீதம் கழித்தால் 22 ரூபாய் 10 காசு வருகிறது. ஆனால் விவசாயிக்கு 24 தர வேண்டுமே? இரண்டையும் ஒரே பலகையில் எழுத முடியாது. மொத்த விலை 20 என்றால் வெளியே சில்லறை விலை 28 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயாவது இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதாவது மொத்தத்துக்கும் சில்லறைக்கும் நடுவே 41 சதவீத இடைவெளி வேண்டும்.

எந்தக் காயில் அந்த இடைவெளி பெரிதாக இருக்கும்? சீக்கிரம் வாடுகிற, அழுகுகிற சரக்கில். கீரை, வெண்டை, பிஞ்சுக் கத்தரி, அவரை. வாங்கி விற்பவர் மாலைக்குள் தூக்கிப்போட வேண்டியதையும் சேர்த்துத்தான் காலையில் விலை வைப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த நஷ்டம் நிஜமானது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அப்படி இல்லை. மூட்டையில் பல நாள் இருக்கும். தள்ளுவண்டிக்காரர் ஒலிபெருக்கி வைத்து நாலு கிலோ நூறு என்று கூவி விற்கும்போது இடைவெளி மிகவும் சுருங்கிவிடும். அதோடு பெரிய வெங்காயம் நாசிக் பக்கத்திலிருந்து லாரியில் வருவது. தக்காளியில் பெரும்பகுதி மதனப்பள்ளி, கோலார் வட்டாரத்திலிருந்து வருவது. அதைச் செங்குன்றத்து விவசாயி விளைவிக்கவில்லை.

அதனால் உழவர் சந்தைக்குப் போய் வெங்காயமும் உருளையும் விலை கேட்டுவிட்டு, “இங்கேயும் அதே விலைதான்” என்று திரும்பி வருபவர்கள் சந்தையின் பயன் இல்லாத மூலையில் நின்றுவிட்டு வருகிறார்கள். பயன் முழுக்கக் கீரைக்கட்டில் இருக்கிறது.

கீரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சிறுகீரையும் முளைக்கீரையும் பாத்தியில் விதைத்து மூன்று, நாலு வாரத்தில் வேரோடு பிடுங்குவது. அரைக்கீரை திரும்பத் திரும்ப அறுப்பது. மறுநாள் சந்தைக்கு வேண்டியதை முதல் நாள் வெயில் தாழ்ந்த பிறகு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை அலசி, கைப்பிடி அளவாகச் சேர்த்து வாழைநாரால் கட்டுவார்கள். ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் அடுக்கி, இன்னொரு ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பார்கள். விடிவதற்குள் கிளம்பினால்தான் உண்டு. காலை ஏழு மணிக்கு விறைப்பாக நிற்கும் இலை, பத்து மணி வெயிலில் ஓரம் சுருளத் தொடங்கும், மதியத்துக்குள் தலை சாய்ந்துவிடும். தண்ணீர் தெளித்துத் தெளித்து நிமிர்த்தலாம், ஆனால் தெளித்த கட்டு உள்ளே சூடேறிச் சீக்கிரம் அழுகும். பச்சையாக இருக்கிற இந்தச் சில மணி நேரத்துக்குள் எத்தனை கை மாறுகிறதோ அவ்வளவு விலை ஏறும். தோட்டத்திலிருந்து மொத்த வியாபாரி, கோயம்பேடு, அங்கிருந்து வாங்கிவரும் சில்லறைக்காரர், கடைசியில் நம் வீட்டு வாசல். வடக்கே விளைந்த கீரை மேற்கே கோயம்பேட்டுக்குப் போய் அங்கிருந்து மறுபடி வடக்கே வருவதும் நடக்கிறது.

ஒரு காலத்தில் இந்தச் சுற்று இல்லை. 1996 வரை சென்னையின் மொத்தக் காய்கறிச் சந்தை ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடி. அதாவது வட சென்னையின் மடியிலேயே இருந்தது. ராயபுரத்துக் கடைக்காரர் விடியற்காலையில் மூன்று சக்கர வண்டியில் போய்ச் சரக்கு எடுத்துவந்துவிடலாம். அந்தக் குறுகிய தெருக்களில் லாரி நுழைய முடியாமல், குப்பையும் நெரிசலும் தாங்க முடியாமல், 295 ஏக்கரில் கோயம்பேடு வளாகத்தைக் கட்டிச் சந்தையை மாற்றினார்கள். மாற்றியது நியாயம்தான், மொத்த நகரத்துக்கும் அது தேவைப்பட்டது. ஆனால் அந்த மாற்றத்தில் வட சென்னைக்கு நேர்ந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை. சில்லறைக் கடைக்காரருக்கு வண்டிச் செலவு ஏறியது. அந்தச் செலவு கத்தரிக்காய் விலையில் வந்து உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனா தொற்று பரவியதால் மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது, பழ வியாபாரம் மாதவரம் பஸ் நிலையத்துக்கு வந்தது. காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் கடைசியில். திருவொற்றியூர் கடைக்காரர் திருமழிசை வரைக்கும் போய்ச் சரக்கு எடுத்த மாதங்கள் அவை. அதே சமயம் பஸ் நிலையம் ஒன்று சில நாளில் சந்தையாக மாற முடிந்தது என்பதையும் பார்த்தோம். அகலமான தரை, கூரை, தண்ணீர், வண்டி நிற்க இடம். உழவர் சந்தைக்குத் தேவையானதும் அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் வரவில்லை? திட்டம் தொடங்கியபோது சந்தைகளை விவசாயி எளிதில் வந்து போகக்கூடிய இடங்களில் வைத்தார்கள். அன்றைய சென்னை மாவட்டத்துக்குள் சாகுபடி நிலம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே நகரத்தைச் சுற்றி விளிம்பில் பல்லாவரம், அம்பத்தூர், நாரவாரிக்குப்பம் என்று அமைந்தன. விளிம்பில் இருக்கும் சந்தை விளிம்பில் இருப்பவருக்கு நல்லது. கொருக்குப்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண் காலை ஆறு மணிக்குச் செங்குன்றம் போய்க் கீரை வாங்கி வந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போக முடியாது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு மிச்சம்தான். நேரம் யார் தருவார்கள்?

இதைவிடக் கவலைக்குரியது வயல் பக்கம் நடப்பது. மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் உறிஞ்சி எடுத்தோம். மழையால் ஊறுவதைவிட எடுப்பது அதிகமானபோது கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவந்தது. உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு கீரைப் பாத்திக்குப் பாய்ச்ச முடியாது. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஓரம் நல்ல கிணறு வைத்திருந்தவர்களில் சிலர் வறட்சி ஆண்டுகளில் பயிர் வைப்பதைவிடக் குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீர் விற்பது லாபம் என்று கண்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். தண்ணீருக்கு நிச்சயமான காசு வந்தது, கத்தரிக்காய்க்கு வரவில்லை. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு இந்த அழுத்தம் ஓரளவு தணிந்தது. ஆனால் நிலத்தடி நீர் தேங்கும் அடுக்கில் ஒருமுறை உப்பேறிவிட்டால் அது சீக்கிரத்தில் சரியாகாது.

தண்ணீருக்கு அடுத்து நிலம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. அதன் வடபகுதி, நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரை, 2021-ல் திறக்கப்பட்டது. சாலை ஓரத்து நிலத்தில் இன்று கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் வளர்கின்றன. விற்று முடித்து இன்னும் வீடு கட்டாத மனைகளிலும், கிடங்குக்குக் காத்திருக்கும் நிலத்திலும் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் கைக்கு வரும் பயிர் என்பதால் நாளைக்கு நிலத்தை விடச் சொன்னாலும் பெரிய நஷ்டம் இல்லை.

இந்தக் குத்தகைக்காரருக்குத்தான் உழவர் சந்தை மிகவும் தேவை. அட்டை கிடைப்பது கடினம் என்பதும் இவருக்குத்தான். அட்டைக்கு நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும். சிட்டா நிலச் சொந்தக்காரர் பேரில். குத்தகை வாய்மொழியாக. எழுதிக் கொடுத்தால் நிலத்தை விட மாட்டார்கள் என்ற பயம் சொந்தக்காரருக்கு. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் மனைக்கட்டில் கீரை போடுகிறவர் எந்தப் பதிவிலும் இல்லை. வியாபாரி உள்ளே வந்துவிடக் கூடாது என்று போட்ட வேலி நியாயமானது. அதே வேலி உண்மையாக மண்ணில் நிற்கும் ஒருவரையும் வெளியே நிறுத்துகிறது. உதவி வேளாண் அலுவலர் நேரில் போய்ப் பாத்தியைப் பார்த்து, அந்தப் பருவத்துக்கு மட்டும் செல்லும்படி அட்டை கொடுத்தால் என்ன? நிலத்தின்மீது எந்த உரிமையும் அதில் எழுத வேண்டாம், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று மட்டும் எழுதினால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா விவசாயிக்கும் உழவர் சந்தை ஒத்துவராது. 500 கிலோ கத்தரி அறுத்தவர் அதைக் கிலோ கிலோவாக உட்கார்ந்து விற்க முடியாது. கமிஷன் பிடித்தாலும் ஒரே தூக்காகக் கோயம்பேட்டில் போட்டுவிட்டு வருவதுதான் அவருக்குச் சரி. சந்தை என்பது அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குக் கூலி போட்டுப் பார்த்தால், ஒரு கூடை, இரண்டு கூடை சரக்கோடு வரும் சிறு விவசாயிக்குத்தான் கணக்கு கட்டும். வீட்டில் ஒருவர் தோட்டத்தைப் பார்க்க, இன்னொருவர் விற்க. பெரும்பாலும் விற்பவர் வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பார்.

அந்தப் பெண்கள் சந்தை வரும் என்று காத்திருக்கவில்லை. கும்மிடிப்பூண்டி லைனில் விடியற்கால மின்சார ரயில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சரக்கோடு வரும் வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் கூடைகள் ஏறும். வாசல் ஓரத்தில் ஈரச் சாக்கு மூட்டை, மேலே சும்மாடு. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று இறங்கிப் படிக்கட்டுப் பக்கத்திலோ தெருமுனையிலோ கூடையை இறக்குவார்கள். சிலர் தாங்களே விளைவித்தது, சிலர் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியது. “ஆயா, கட்டு எவ்ளோ?” என்றால், “ரெண்டா எடுத்துக்கோ கண்ணு, பாத்து போட்டுக்கலாம்” என்று பதில் வரும். கூடவே ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு. விலைப்பலகை இல்லை, அடையாள அட்டை இல்லை, அதிகாரி இல்லை. ஆனால் தோட்டத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரே ஒரு கை. உழவர் சந்தைத் திட்டம் எதைச் செய்ய நினைத்ததோ அதை அவர்கள் நடைபாதையில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் இல்லாதது இடம். நடைபாதையில் உட்கார்ந்தால் நடப்பவருக்கு இடைஞ்சல், போலீஸ் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லை. கழிப்பறை இல்லாததால் விடியற்காலை முதல் மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. அதன்படி அடையாள அட்டையும் விற்பனைக்கான இடமும் தர வேண்டும். நகரத்தில் குடியிருந்து தினமும் ஒரே இடத்தில் விற்பவருக்கே அது முழுதாகக் கிடைத்துவிடவில்லை. மாவட்டம் தாண்டி ரயிலில் வந்து நாலு மணி நேரம் விற்றுவிட்டுத் திரும்பும் பெண் அந்தக் கணக்கில் எங்கே வருவார்?

என் கருத்து இதுதான். வட சென்னைக்கான உழவர் சந்தையை ரயில் பாதை ஓரத்தில் வைக்க வேண்டும். திருவொற்றியூரிலும் கொருக்குப்பேட்டையிலும் ஸ்டேஷனை ஒட்டி, காலை ஐந்து முதல் பத்து வரை மட்டும். கூரை, மேடை, குழாய், கழிப்பறை, பொதுத் தராசு, ஒரு பலகை. பத்து மணிக்கு மேல் அந்த இடம் வேறு எதற்கு வேண்டுமானாலும் பயன்படட்டும். மொத்தத்துக்கும் சில்லறைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் கீரையும் நாட்டுக் காயும் மட்டும் விற்றால் போதும், வெங்காயத்தைத் தள்ளுவண்டிக்கு விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் கல்மண்டபம் கடைக்காரர்களின் பிழைப்பிலும் மண் விழாது. அவர்கள் வியாபாரத்தில் பெரும்பகுதி கீரை இல்லை.

அதிகாலையில் யார் வருவார்கள் என்று கேட்கலாம். காசிமேட்டில் போய்ப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகும் முன்பே துறைமுக வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது. படகிலிருந்து இறங்கிய மீனை ஏலத்தில் எடுத்த கையோடு விற்கிறார்கள், பெரம்பூரிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் பையோடு வந்து வாங்குகிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரிந்த ஜனங்களுக்குக் கீரையின் வேரைப் பார்த்து வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அது வரும்வரை, வாரத்தில் ஒரு நாள் நேரம் கிடைப்பவர்கள் நாரவாரிக்குப்பம் போய் வரலாம். ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள், எட்டரைக்கு மேல் நல்ல கட்டு இருக்காது. உள்ளே நுழைந்ததும் முதலில் பலகையைப் பாருங்கள், பிறகு ஒரு சுற்று சுற்றிவிட்டு வாங்குங்கள். சில்லறை எடுத்துப் போங்கள், நூறு ரூபாய் நோட்டுக்கு மீதி தேட அவர்களால் முடியாது. எந்த ஊர், கிணற்றுப் பாசனமா, என்ன மருந்து அடித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். விளைவித்தவருக்குப் பதில் தெரியும், உட்கார வைத்துச் சொல்வார். பதில் தடுமாறினால் அவர் வாங்கி விற்பவராக இருக்கலாம், அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள். ரயில் ஓரத்து ஆயாவிடம் வாங்கும்போதும் இதே கேள்விகள்தான். ஒன்று மட்டும் கூடுதலாக: கட்டுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம்.